பஸ் பெட்டி வேங்கடபதி

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் வேங்கடபதி வீடு எது என்று கேட்டால், "எந்த வேங்கடபதி?" என்று திருப்பிக் கேட்பார்கள். "பஸ் பெட்டி" என்று முன்னால் சேர்த்துச் சொன்னால்தான் கை நீட்டிக் காட்டுவார்கள். இத்தனைக்கும் அவர் பஸ் ஓட்டியவரும் இல்லை, பஸ் முதலாளியும் இல்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாலே குடல் புரட்டி வாந்தி எடுக்கிற ஆள். ஆனாலும் பட்டப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. ஆரம்பத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பல் தெரியச் சிரிப்பார். கொஞ்ச காலம் கழித்து அதே பெயருக்கு முறைத்தார். பின்னாளில் சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை, தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்.

கைத்தறிக்காரர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். வேலையில் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஆனால் வாய் இருக்கிறதே, அது அவர் பேச்சைக் கேட்காது. கோபம் வந்துவிட்டால் எதிரில் நிற்பது அண்ணனா, மாமனாரா, கடன் கொடுத்தவரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். கொட்டிவிட்டு அப்புறம் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்து மிதிப்பார். "மனசுல ஒண்ணும் இல்ல அவுகளுக்கு" என்று மனைவி கங்கம்மாள்தான் தெருவெல்லாம் போய்ச் சமாதானம் சொல்லிக்கொண்டு திரிவாள். மனசில் ஒன்றும் இல்லாதது நல்லதுதான். வெட்டுப்பட்டவனுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

மரியராஜ் அவருக்குக் கூட்டாளி ஆனது ஒரு பங்குனிப் பொங்கலின்போது. அறுபத்து நாலோ அறுபத்தஞ்சோ இருக்கும். மரியராஜ் பரளச்சிக்காரர், வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். அருப்புக்கோட்டையில் சவுண்டு செட்டுக் கடையில் வயர் வேலை. திருவிழாவுக்குத் தெருவில் பல்பு மாலை கட்ட வந்தவர், வெயிலுக்கு ஒதுங்கி வேங்கடபதியின் தறி ஓரம் உட்கார்ந்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர், அப்புறம் வேலை இல்லாத பொழுதெல்லாம் அங்கேயேதான் கிடந்தார். கங்கம்மாளுக்கு அவர் அண்ணன் ஆனார். தெலுங்கு கூட அரைகுறையாகப் பேச வந்துவிட்டது.

அந்தப் பொங்கலிலேயே இரண்டு பேரும் கடைகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். வளையம் வீசும் கடையில் மரியராஜ் வீசினார், வீசினார், எந்தச் சோப்பின் மேலும் வளையம் விழவில்லை.

"ஏலே, அந்த வளையம் எந்தச் சோப்பு மேலயும் விழாது. விழுற மாதிரி செய்யவே இல்ல" என்றார் மரியராஜ்.

"அது தெரிஞ்சும் எதுக்கு வீசுன?"

"நெசமாவே ஏமாத்துறானான்னு பாக்கத்தான். நாம ஒரு ஆட்டம் செய்வோமாலே? ஏமாத்தாத ஆட்டம். தோத்தா நம்ம கைதான் சரியில்லன்னு வெளாடுறவனே ஒத்துக்கிடணும்."

விளையாட்டுப் பேச்சாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் வேங்கடபதிக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாளே காலையில் சவுண்டு செட்டுக் கடைக்குப் போய் நின்றார்.

அவர்கள் செய்த பெட்டி இதுதான். டிரங்குப் பெட்டி அளவில் ஒரு மரப்பெட்டி, மேலே கண்ணாடி. உள்ளே இரண்டு உருளை, அதன்மேல் சுற்றி ஓடுகிற ஒரு துணி. பக்கத்தில் உள்ள கைப்பிடியைக் கூட்டாளிகளில் ஒருவர் சுற்ற, துணி ஓடும். துணியில் ரோடு. ரோட்டின் மேலே குட்டியாய் ஒரு தகர பஸ். விளையாடுகிறவர் கையில் ஒரு ஸ்டியரிங் வட்டு. ரோட்டை விட்டு பஸ் ஓரம் கட்டினால் மணி அடிக்கும், ஆட்டம் முடிந்தது. கடைசி வரை தப்பாமல் ஓட்டினால் திருச்சுழிக் கோபுரத்தில் ஒரு பல்பு எரியும்.

மணி எப்படி அடிக்கும்? அங்கேதான் நம்முடைய ஆள் நின்றார். பழைய மோட்டாரில் இருந்து செம்புக் கம்பியை உருவி, வார்னிஷைச் சுரண்டி, சேலையில் புட்டா போடுகிற மாதிரி ரோட்டின் இரண்டு ஓரத்திலும் கையாலேயே கோத்து நெய்தார். பஸ்ஸுக்கு அடியில் ஒரு பித்தளை மீசை. மீசை செம்பைத் தொட்டால், பெட்டிக்கு அடியில் வைத்த டார்ச் செல்லின் கரண்ட் ஓடி மணி. அந்த ரோட்டை அவர் வரையவில்லை, நெய்தார். வளைவு, கண்மாய்க் கரை, சீமைக்கருவேலம், குறுக்கே நிற்கும் வெள்ளாடு, எல்லாம் நூல். பஸ்ஸில் போனால் வாந்தி வருமே என்று அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி வரைக்கும் நடந்தே போய் வளைவுகளைப் பார்த்து வந்தார் என்றால் நம்புவீர்களா? கங்கம்மாளே நம்பவில்லை. காலில் கொப்புளத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

"பெட்டியில நம்ம பேர எழுதுவோம்லே" என்றார் மரியராஜ்.

"சேலையில நெய்ஞ்சவன் பேரா இருக்கு? கடைக்காரன் பேருதான இருக்கு. சும்மா கெட" என்றார் வேங்கடபதி. பெயர் எழுதவில்லை.

முதல் முதலாகத் திருச்சுழித் திருவிழாவில் பெட்டியை இறக்கினார்கள். கூட்டம் சுற்றி நின்று பார்த்ததே தவிர ஒருவரும் கை வைக்கவில்லை. கடலை விற்கும் வெள்ளைத்தாய்தான் கூடையை இறக்கி வைத்துவிட்டு வட்டைப் பிடித்தாள். ஆட்டைப் பார்த்து, "ஏ தள்ளு, தள்ளு, கண்ணு தெரியல?" என்று திட்டிக்கொண்டே ஓட்டினாள். மணி அடிக்கவே இல்லை. கோபுரத்தில் பல்பு எரிந்தது. "திருச்சுழியில நின்னுக்கிட்டே திருச்சுழிக்கு வந்து சேந்துட்டேன் பாருங்க" என்று அவள் சொல்ல, கூட்டம் சிரித்து முண்டியடித்தது. அதற்கப்புறம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் கொடை, எந்த மாதா கோயில் திருவிழா என்றாலும் பஸ் பெட்டி வந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள்.

அந்த வருஷங்களில் வேங்கடபதியைப் பார்த்திருக்க வேண்டும். பகலில் சேலை நெய்வார், சாயங்காலம் ரோடு நெய்வார். மரியராஜ் பக்கத்தில் உட்கார்ந்து வயரைக் கடித்து உரித்துக்கொண்டே ஏதாவது சொல்வார். இவர் கத்துவார். அவர் சிரிப்பார். மறுபடி இருவரும் வேலையில் குனிவார்கள். அவரிடம் யாராவது அப்போது போய், உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், இது இப்படியே போகட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியில் கடைகள் எடுத்து நடத்தும் சந்தனம் என்பவர் ஒரு திருவிழாவில் பெட்டியைப் பார்த்தார். "மூணு பெட்டி கொண்டு வாங்க, வாசலுக்கு நேரா எடம் தாரேன்" என்றார். மதுரை என்றால் சும்மாவா? இரண்டு பேரும் தலைகால் புரியாமல் வேலை பார்த்தார்கள். புதிதாக மூன்று ரோடு, எல்லாம் மதுரைச் சாலை. நெய்து முடித்ததும் வேங்கடபதி அரிசிக் கஞ்சி காய்ச்சினார். துணி விறைப்பாய் நின்றால் ரோடு தொய்யாது என்பது அவர் கணக்கு.

"கஞ்சி வேண்டாம்லே. மெழுகு தேச்சாப் போதும்" என்றார் மரியராஜ்.

"நெசவு எனக்குத் தெரியும். நீ பல்பப் பாரு."

கஞ்சி போட்ட துணி நெசவாளி வீட்டில் தங்குவதே இல்லை. காய்ந்து மடித்த கையோடு கடைக்குப் போய்விடும். அது ஒரு பெட்டிக்குள் மூடி வாரக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும் என்று எந்த நெசவாளியும் யோசித்ததில்லை, இவரும் யோசிக்கவில்லை. வீட்டில் இடம் இல்லாததால் மரியராஜ் தனக்குப் பழக்கமான பாளையம்பட்டிப் பருத்திக் கடையின் பின்கட்டில் பெட்டிகளை வைத்துப் பூட்டினார். சாவி அவரிடம்தான் இருந்தது.

மதுரையில் சந்தனத்தின் முன்னால் பெட்டிகளைத் திறந்தார்கள். மூன்றிலும் ரோடு நார்நாராய்க் கிழிந்து தொங்கியது. ஓரத்துச் செம்புக் கம்பியைக் காணோம். "இதையா தூக்கிட்டு வந்தீங்க?" என்று சந்தனம் உதட்டைப் பிதுக்கிவிட்டு, அந்த இடத்தை ராட்டினக்காரருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வேங்கடபதி திரும்பினார். அந்த நேரத்திலாவது அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதா?

"சாவி உங்கிட்டதான இருந்துச்சு. கம்பிய உருவி எவங்கிட்டலே வித்த? செம்பு என்ன வெலைக்குப் போச்சு?"

சுற்றி ஆட்கள் நின்றார்கள். மரியராஜ் பெட்டிக்குள் ஒரு முறை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வேங்கடபதியின் முகத்தைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பெட்டிகளை லாரியில் ஏற்றி வேங்கடபதி மட்டும் ஊர் வந்து சேர்ந்தார். வெகுநாள் அவை கொல்லையில் கிடந்தன. கோழி அடைக்கவாவது ஆகட்டும் என்று ஒரு நாள் கங்கம்மாள் ஒரு பெட்டியின் அடிப்பலகையை நெம்பினாள். நெம்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க வந்து பாருங்க."

பலகைக்கு அடியில், டார்ச் செல் வைக்கிற அறையில், எலிக்கூடு. கஞ்சி போட்ட துணியைத் துண்டு துண்டாய்க் கடித்து மெத்தை போட்டிருந்தது. துணியோடு இழுபட்டு வந்த செம்புக் கம்பி சுருள் சுருளாய் அதற்குள் கிடந்தது. மற்ற இரண்டையும் திறந்தார்கள். அதிலும் அப்படித்தான். வேங்கடபதி கொல்லையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணன்கிட்டப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருங்க" என்றாள் கங்கம்மாள்.

"போறேன், போறேன்."

போனாரா? போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும் என்றார். தீபாவளிச் சேலைக்கு நெருக்கடி என்றார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு போக என்றார், அது ஒன்றுதான் உண்மை. பரளச்சி என்ன ரங்கூனா? ஒரு பொழுது வேலை. அந்த ஒரு பொழுதை அவர் வருஷக்கணக்கில் தள்ளினார். மரியராஜ் தூத்துக்குடிக்குப் போய் அங்கிருந்து கப்பலில் எலக்ட்ரீசியனாகச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோது அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். இனிமேல் போக வேண்டியதில்லையே என்ற நிம்மதி. பின்னாளில் இதைக் கங்கம்மாளிடம் சொல்லித்தான் அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார்.

எழுபத்து நாலு, வைகாசி மாசம். தெருவே மத்தியானச் சாப்பாட்டுக்கு ஓய்ந்திருந்தது. வேங்கடபதி எப்போதும் பிந்தித்தான் சாப்பிடுவார், அவர் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் குரல் கேட்டது.

"தங்கச்சி, வேங்கடபதி இருக்கானா?"

மிதியில் இருந்த கால் நின்றது. தறி நின்றது. வேங்கடபதி உள்ளிருந்தபடியே கங்கம்மாளைப் பார்த்துக் கையை ஆட்டினார். இல்லை என்று சொல், இல்லை என்று சொல். கங்கம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் மறுபடியும் கையை ஆட்டினார்.

"அவுக... அவுக விருதுநகர் போயிருக்காக அண்ணே."

ஓடிக்கொண்டிருந்த தறி, கூப்பிட்ட சத்தம் கேட்டு நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று நெசவாளர் தெருவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தறி ஓரத்திலேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாதா? ஒளிந்துகொள்வதற்குத் தறியை நிறுத்திய ஆள் உலகத்திலேயே வேங்கடபதி ஒருவராகத்தான் இருப்பார்.

மரியராஜ் வாசலில் செருப்பைக் கழற்றினார். பிறகு, "அப்பிடியா. சரி, ஒரு சொம்பு தண்ணி குடு தாயி" என்று வாசல்படியில் உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு தங்கச்சியிடம் பேசுவதற்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரக்கவே பேசினார்.

"கப்பலு ஜப்பான்ல ஒசாகான்னு ஒரு ஊருல நின்னுச்சு தங்கச்சி. எறங்கி நடந்து போனா, ஒரு கடையில நம்ம பெட்டி. நம்ம பெட்டியேதான். கண்ணாடி, ரோடு, வட்டு எல்லாம் இருக்கு. பஸ்ஸுக்குப் பதிலா காரு, அவ்வளவுதான். அந்த ஊருப் பேச்சு தெரிஞ்சவன் ஒருத்தன் எங்கூட இருந்தான். யாரு செஞ்சதுன்னு விசாரிச்சுப் போனோம். பெரிய கம்பெனியா இருக்கும்னு நெனச்சா, ஒரு சந்துக்குள்ள தகரக் கொட்டாய். ஏழெட்டுப் பேரு வேல பாக்குறாக."

உள்ளே வேங்கடபதி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேரு சேந்து ஆரம்பிச்சதாம். ஒருத்தரு பொம்ம செய்றவரு, இன்னொருத்தரு ரேடியோ ரிப்பேரு. மொதப் பெட்டி திருவிழாவுல வெச்ச அன்னிக்கே புகஞ்சு போச்சாம். அடுத்த பெட்டியில ரோடு கிழிஞ்சு போச்சாம். நான் சிரிச்சேன் பாரு, அவுகளுக்கு ஒண்ணும் புரியல. பெறகு மீன் பிடிக்கிற பெட்டி ஒண்ணு செஞ்சாகளாம், அதுதான் ஓடி எல்லாருக்கும் கஞ்சி ஊத்துச்சாம். பெட்டியில அவுக பேரு கெடையாது தங்கச்சி. வாங்கிட்டுப் போற பெரிய கம்பெனிக்காரன் பேருதான். அதுவும் நம்ம கததான். ரெண்டு பேருக்கும் தெனம் சண்டையாம், கத்துனா சந்து முழுக்கக் கேக்குமாம். ஆனா இப்பவும் ஒரே மேசையில எதிரும் புதிருமா உக்காந்துதான் வேல பாக்குறாக. இனிமே துணியும் இல்லாம சுருளும் இல்லாம, கண்ணாடிக்குள்ள வெளிச்சத்தாலயே ரோடு போடப் போறாகளாம். அது எனக்கு வெளங்கல."

மரியராஜ் சொம்பைக் கீழே வைத்தார்.

"நாங்க ரோட்ட நெய்ஞ்சோம்னு சொன்னேன். நம்பல. கைக்குட்டைய எடுத்து இழைய உருவிக் காமிச்சேன். அந்தப் பொம்மக்காரப் பெரியவரு எந்திரிச்சு நின்னுட்டாரு. நெய்ஞ்சது யாருன்னாரு. எங்கூட்டாளின்னு சொன்னேன்."

மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு ஸ்டியரிங் வட்டு.

"நெய்ஞ்சவருக்குக் குடுன்னு அவரே குடுத்து விட்டாரு. அவன் வந்தா குடுத்துரு. பரளச்சியில சூசையம்மா வீட்டுலதான் இருக்கேன், ஆனி பொறந்ததும் கப்பலுக்குப் போயிருவேன். வரச் சொல்லு. மறுபடி ஒரு பெட்டி செய்வோம்னு சொல்லு." சிரித்தார். "இந்தத் தடவ மெழுகு தேப்போம்னு சொல்லு."

செருப்புச் சத்தம் தெருவில் போனது. கங்கம்மாள் உள்ளே ஓடி வந்தாள். "போங்க, ஓடுங்க. தெருமுக்கக் கூடத் தாண்டியிருக்க மாட்டாரு." வேங்கடபதி எழுந்திருக்கவில்லை. தறியை மிதிக்கவும் இல்லை. மிதித்தால் சத்தம் கேட்டுவிடுமே. சாயங்காலம் வரை குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வெறுங்கையோடு போய் நின்று என்ன பேசுவது? ஒரு ரோடு நெய்து கொண்டுபோய் மரியராஜ் கையில் கொடுத்துவிட்டால் வாயே திறக்க வேண்டாம். அருப்புக்கோட்டையில் இருந்து பரளச்சி வரைக்கும் ஒரு ரோடு, கடைசியில் பல்பு எரிகிற இடத்தில் கோபுரத்துக்குப் பதிலாக மாதா கோயில். நல்ல யோசனைதான். ஆனால் நெய்தது வேங்கடபதி ஆயிற்றே. ஒரு வளைவு கோணல் என்று பிரித்தார். மாதா கோயில் சிலுவை சாய்ந்திருக்கிறது என்று மறுபடி பிரித்தார். "மன்னிப்புக் கேக்கப் போறீங்களா, பரிசு வாங்கப் போறீங்களா?" என்று கங்கம்மாள் கத்தினாள். ஆனி பிறந்தது. அடுத்த லீவுக்கு வருவான், அதற்குள் இன்னும் நன்றாக முடித்துவிடலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

கார்த்திகை மழையில், மெழுகு தேய்த்த துணியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பரளச்சி பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் வாந்தி. கரிசல் சேறு செருப்பைப் பிடித்து இழுக்க, கையில் செருப்போடு சூசையம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். மரியராஜின் தங்கச்சி அவள். கறுப்புச் சேலையில் இருந்தாள். அதைப் பார்த்தும் அவருக்கு விளங்கவில்லை.

"மரியராஜ் எப்ப வாரான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்மா."

"அண்ணன் வராதுங்க. கப்பல்லயே காய்ச்சல் கண்டு ஐப்பசியில போய்ச் சேந்துருச்சு. கப்பல் நின்ன ஊருலயே அடக்கம் பண்ணிட்டாகளாம்."

வேங்கடபதி கையில் இருந்த செருப்பைக் கீழே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "அன்னைக்கு மதுரையில அது எலிம்மா. எலி கடிச்சது. கஞ்சி போட்டது நாந்தான். அவன் ஒண்ணும் செய்யல" என்றார்.

"அண்ணனுக்கு அன்னிக்கே தெரியுமே. குனிஞ்சு பாத்தப்பவே புழுக்கையப் பாத்துருச்சாம். ஏன் சொல்லலன்னு நானும் கேட்டேன். திருடன்னு நெனச்சவங்கிட்ட எலிப்புழுக்கையக் காமிச்சுத்தான் நல்லவன்னு பேரு வாங்கணுமான்னு கேட்டுச்சு. பெறகு கோவம் ஆறிப் போச்சு. நீங்க வருவீகன்னுதான் பாத்துச்சு."

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தான். நான்..."

"வீட்டுலதான் இருந்தீகன்னு சொல்லுச்சு. தறி நின்னுச்சாம்." சூசையம்மாள் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவரைக் கொன்றது. "தெருமுக்கு டீக்கடையில கடைசி பஸ்ஸு வரைக்கும் உக்காந்திருந்துச்சாம். அவன் தறிச் சத்தம் எனக்குத் தனியாத் தெரியும், அது கேட்டா திரும்பப் போயிக் கூப்பிடலாம்னு இருந்தேன், கேக்கவே இல்லன்னு சொல்லுச்சு."

அவர் கொண்டுபோன ரோட்டை அவள் கையில் கொடுத்தார். விரித்துப் பார்த்தவள் கடைசியில் இருந்த மாதா கோயிலை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த மாதா படத்துக்குக் கீழே மேசையில் விரித்துப் போட்டாள்.

அந்தச் சிவப்பு வட்டு வேங்கடபதியின் தறிக்காலில் ஒரு ஆணியில் தொங்கியது. அதற்கப்புறம் அவர் எந்த ஆட்டப் பெட்டியும் செய்யவில்லை. யார் வந்து வாசலில் கூப்பிட்டாலும், கடைக்காரரோ, பிச்சைக்காரரோ, கடன்காரரோ, தறியை நிறுத்த மாட்டார். மிதித்துக்கொண்டே, தறிச் சத்தத்துக்கு மேலே, தெருமுக்கு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்துவார்.

"இருக்கேன். உள்ளதான் இருக்கேன், வா."